படத்தில் வெட்டுப்பட்ட ஜன்னல்

எங்கள் அலுவலகத்தில் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேர் போன மாதம் குன்னூருக்கு வந்திருந்தார்கள். இருவரும் என் மகள் வயது. வீடு கட்டுவோருக்கும் வீட்டை அழகாக வைத்துக்கொள்ள நினைப்போருக்குமாகக் கோயம்புத்தூரிலிருந்து வரும் மாத இதழ் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். டீயைக் குடித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க மேடம், ஃபோனத் தேச்சா டீ ஆறங்குள்ள அம்பது ஊடு பாத்தரலாம். இன்னமும் எதுக்குங்க சனங்க இந்தப் புத்தகத்த வாங்கறாங்க?”

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் மனம் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. மஞ்சூரில் என் மகள் மது குடியிருந்த அறைக்கு. அதைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுப் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த பிறகு நீலகிரி வீடுகள் என் பொறுப்பாயின. நல்ல வீடு எது என்று விசாரித்துப் போவது, வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது, படம் எடுக்கும் நாளில் ஈரத்துணியையும் மருந்துச் சீட்டுகளையும் ஒதுக்கிவிட்டு ஒரு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போடுவது. வேலையை இவ்வளவில் சொல்லிவிடலாம்.

எங்கள் பக்கங்களை வெளியில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கீழ் கோத்தகிரியில்தான் முதன்முதலில் கண்டேன். அங்கே ஒரு மேஸ்திரி, பால் கவரை வெட்டி உறை செய்து, எங்கள் இதழின் ஒரு பக்கத்தை அதற்குள் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மழையில் நனையக் கூடாதாம். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு தம்பதிக்கு அந்தப் படத்தைப் பார்த்தே சமையலறை கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு மேடை இருந்தது. எங்கள் படத்தில் அப்படி எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

“இது என்னங்க மேஸ்திரி?”

“படத்துல கறுப்பா நீட்டிட்டிருக்குது பாருங்க, அதானுங்க.”

அது ஒரு பூத்தொட்டியின் நிழல். சொன்னேன். மேஸ்திரி பக்கத்தைத் தூரமாகவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்காரம்மா அதற்குள் அந்த மேடையில் உப்பு ஜாடியை வைத்துவிட்டார். “நெழலோ நெசமோ, எனக்குத் தோதா இருக்குதுங்க. இடிக்க உடமாட்டேன்” என்றார்.

இதை அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னேன். எங்கள் ஆசிரியர் வசந்தா மேடம் சிரிக்கவில்லை. “நிழலையே கட்டுறாங்கன்னா, நாம எதைப் போட்டாலும் கட்டுவாங்க கலா” என்றார். மேடத்துக்குக் கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் குரல் தாழ்ந்துகொண்டே போகும். காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தால் விஷயம் பெரிது என்று பொருள்.

எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகும் முன்னால் அவர் மூன்று முறை பார்ப்பார். ஒரு முறை எழுத்துக்கு. ஒரு முறை நிறத்துக்கு. மூன்றாவதை நாங்கள் ‘குடியிருந்து பார்ப்பது’ என்போம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டு கால்கள் போலப் படத்தின் வாசலில் நிறுத்துவார். விரல்கள் உள்ளே நடக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? நனைந்த குடையை எங்கே வைப்பது? குழந்தை ஓடினால் எங்கே இடித்துக்கொள்ளும்? விரல் எங்காவது நின்றுவிட்டால் பக்கமும் நின்றுவிடும். லவ்டேலில் நான் ஆசையாகப் படம் பிடித்து வந்த ஒரு மாடிப்படியை, “கைப்பிடி இல்ல. எங்கம்மா எறங்க மாட்டாங்க” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் அம்மா காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. இந்த மூன்றாவது பார்வையைப் பற்றி வீட்டில் பெருமையாகப் பேசுவேன். மது சின்ன வயதில் பாடப்புத்தகப் படங்களில் விரல்களை நடக்கவிட்டு மேடத்தைப் போலவே குரலைத் தாழ்த்திப் பேசிக் காட்டுவாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய மார்கழி இதழ் அது. குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் குளிருக்கு இதமான மூலை ஒன்றை அமைத்துப் படம் எடுத்தோம். பிரம்பு நாற்காலி, காப்பி நிறத்தில் கம்பளிச் சால்வை, செங்கல் மேல் இரும்புச் சட்டியில் கனியும் கரி. இடது ஓரத்தில் ஜன்னல். பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. படம் எடுத்தவர், “லென்ஸு பூத்துப் போகுதுங்க, ஜன்னல மூடிக்கட்டுங்களா?” என்று கேட்டார். கரி எரியும்போது மூடக் கூடாது என்று நான் விடவில்லை. திரைச்சீலை காற்றில் லேசாக உப்பியிருப்பது படத்திலும் பதிந்தது. மேடத்தின் விரல்கள் அந்த ஜன்னல் வரை நடந்து போய் நின்றன. “தொறந்திருக்கு. சரி” என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், முழுப் பக்க விளம்பரம் ஒன்று வந்தது. இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்த படத்தை ஒரு பக்கமாகக் குறுக்கினார்கள். நாற்காலியும் நெருப்பும் நடுவில் வர வேண்டும் என்பதால் இடது ஓரத்தை வெட்டினார்கள். ஜன்னல் போய்விட்டது. மூடிய சுவர், சால்வை, சிவந்த கரி. பார்க்கப் பழையதைவிட அழகாக இருந்ததாம். மேடமும் நானும் அதைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மேடம் கூப்பிட்டார். குரலே கேட்கவில்லை.

“கலா, புது இதழ் கையில இருக்கா?”

“இன்னும் வாங்கலைங்க மேடம்.”

“நான் பாத்துட்டிருக்கேன். ஜன்னல் எங்க?”

எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். “உன் கரிச்சட்டிப் படத்துல ஜன்னல் இல்ல.”

சமவெளிக்குப் போகும் இதழ்க் கட்டுகள் இன்னும் அச்சகத்திலேயே இருந்தன. அவற்றை நிறுத்திவிட்டார். இணையத்தில் போட்டிருந்த படத்தையும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். ஆனால் மலைக்கான கட்டுகள் எப்போதும் சனிக்கிழமையே பஸ் ஏறிவிடும். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ பாதை அடைத்துக்கொள்ளும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். எந்த ஊரில் கரி மூட்டுவார்களோ அந்த ஊருக்கு முதலில் போயிருந்தது.

ஊட்டி, கோத்தகிரி ஏஜென்டுகளுக்கு மேடம் பேசினார். குன்னூர் பஸ் நிலையத்தில் எங்கள் இதழை விற்கும் குமரேசனிடம் நானே நடந்து போனேன். அவர் கட்டை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, விற்றது கொஞ்சம்தான், வாங்கியவர்கள் எல்லாரும் தெரிந்த முகம் என்றார். என் எதிரிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பல் டாக்டர், துணிக்கடைக்காரர், ஓய்வு பெற்ற டீச்சர். “அந்தக் கரிச்சட்டிப் பக்கத்தப் பாத்து எதும் செஞ்சு வெச்சராதீங்க டீச்சர்.” மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, “ஆமாங்க, புத்தகத்துலயும் தப்பு வரும்” என்று வைத்தார்.

“அவ்வளவுதானா?”

“அப்புறம் நம்ம பாப்பா.”

“எந்தப் பாப்பா?”

“உங்க மதுதானுங்க. நேத்து மஞ்சூர் பஸ்ஸுக்கு நிக்கறப்ப வாங்கிட்டுப் போச்சு. மாசாமாசம் வாங்குமே. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது. மது மஞ்சூரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டு ஞாயிறு மத்தியானம் திரும்பிப் போவாள். வீட்டில் என் இதழைத் தொடக்கூட மாட்டாள். “உன் புத்தகத்தப் பல்லு புடுங்க உக்காந்திருக்கறவங்கதாம்மா படிப்பாங்க” என்று கேலி செய்வாள். அவள் எதற்கு வாங்குகிறாள்?

அவள் நம்பருக்குப் போட்டேன். மணி அடித்தது. மஞ்சூரில் சிக்னல் கிடைக்காமல் போவது சகஜம். அப்படிப் போயிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வங்கிக்குப் பேசினேன். “இன்னும் வரலீங்களே. லீவும் சொல்லல” என்றார்கள். அடுத்து, அவள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா பூங்கொடி அக்காவைப் பிடித்தேன்.

“மது ரூம்ல இருக்காளா பாருங்கக்கா.”

“செருப்பு வாசல்ல கெடக்குதுங்க. தூங்குதாட்டமிருக்குது.”

“தட்டுங்க.”

தட்டும் சத்தம் எனக்கும் கேட்டது. “மது! ஏ அம்மிணி! உள்தாப்பா போட்டிருக்குதுங்க. சத்தமே காணமுங்களே.”

“உங்ககிட்டக் கரி ஏதாச்சும் கேட்டாளா?”

“ஆமாங்க, நேத்து வந்தொடனே ஒரு சட்டியும் கரியும் வாங்கிட்டுப் போச்சு. ஹீட்டரப் போட்டா ஃபியூசு போயிருதுல்லீங்க. வெடிஞ்சதும் மூட்டிக்கிறேன்னு சொல்லுச்சு.”

“ஜன்னல ஒடைங்க.”

“என்னதுங்க?”

“கண்ணாடிய ஒடைங்கக்கா!”

“ஏனுங்க, போன மாசந்தான் புதுசா மாட்டுனோம். செத்த பொறுங்க, இவரு கடைக்குப் போயிருக்காரு, வந்தார்னா கதவ நெம்பி...”

“அக்கா, அவ செத்துப் போயிருவா. ஒடைங்க!”

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. ஏதோ விழும் சத்தம் கேட்டது. கண்ணாடியா கைபேசியா தெரியவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை.

சின்னசாமி அண்ணன் டாக்சியில் ஏறினேன். மஞ்சூர் என்று மட்டும் சொன்னேன். மூட்டம் வண்டியின் மூக்கு வரைக்கும் இருந்தது. பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வளைவுக்கு வளைவு நின்று நின்று போனது. வழி கிடைக்கவில்லை. என் கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“ஏனுங்கக்கா, நீங்க மிதிக்கற பக்கம் பிரேக்கு இல்லீங்க” என்றார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் லாரியைத் தாண்டினார்.

வழியில் மேடம் கூப்பிட்டார். “ஊட்டில வித்த இதழெல்லாம் திரும்ப வந்தாச்சு. கோத்தகிரியும் வந்தாச்சு. குன்னூர்ல பாக்கி இருக்கா?”

“ஒண்ணு, மேடம். மதுகிட்ட இருக்கு. அவ எடுக்க மாட்டேங்கிறா.”

“நான் வெச்சர்றேன். லைன் காலியா இருக்கட்டும்” என்றார். வேறு யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லாததற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆறுதல் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

அந்தப் பாதையில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. ஒரு தாய்க்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

வீட்டு முன்னால் கூட்டம் நின்றது. ஜன்னல் சட்டத்தில் கண்ணாடிச் சில்லுகள். வாசலில் சாக்கை விரித்து அதன்மேல் மதுவைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் வாந்தி. பூங்கொடி அக்காவின் கையில் துணிக்கட்டு, அதில் ரத்தம். கல்லைத் தேடாமல் கையில் இருந்த சொம்பாலேயே கண்ணாடியை உடைத்திருந்தார். மதுவின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். யார் என்று தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“பஸ் போயிருச்சா?” என்றாள்.

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் ஊட்டிக்கு அனுப்பினார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். “புகை வரலைன்னா ஆபத்தில்லைன்னு நினைச்சுக்கறாங்க. கரியில வர்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, வாந்தி, தூக்கம். அப்படியே போயிடுவாங்க” என்றார். ஜன்னல் திறந்திருந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். “படுக்குற ரூமுக்குள்ள கரியே கூடாதுங்கம்மா. ஜன்னலை நம்பாதீங்க.” நாங்கள் வெட்டாமல் போட்டிருக்க வேண்டிய படமும் போடக் கூடாத படம்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. வெளியே வந்து மேடத்துக்குச் சொன்னேன். முழுப் படத்தைத் திரும்ப அச்சடித்து ஒட்டுவதாக இருந்தவர் அதை நிறுத்திவிட்டு, படம் முழுவதும் மறையும் அளவுக்கு வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார். ‘வீட்டுக்குள் கரி மூட்டாதீர்கள்’ என்ற ஒரு வரி மட்டும் அதில் இருந்தது. அச்சகத்தில் அவரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினாராம்.

மறுநாள் மதுவுக்குத் தெளிவு வந்தது. தலை மட்டும் கனத்தது. நான் திட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திட்டினேன்.

“மலையில பொறந்தவ நீ. வருஷா வருஷம் பேப்பர்ல வருது. கரிச்சட்டியப் பத்தித் தெரியாதா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சும்?”

“உங்க புத்தகத்துல வந்திருச்சே. மேடம் குடியிருந்து பாக்காம ஒரு பக்கமும் போகாதுன்னு நீதான சொல்லுவ. படத்துல சுவருதான் இருந்துச்சு. நானும் ஜன்னல மூடி, தெரைய இழுத்துவிட்டு, அந்தச் சால்வை கலர்லயே இருக்கற என் போர்வைய நாற்காலில போட்டேன். காப்பி குடிச்சுட்டு பேங்குக்குக் கெளம்பலாம்னு உக்காந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.”

அவள் தலையணையைச் சரிசெய்தேன். “மாசாமாசம் வாங்கறியாமே? ஃபோன்ல எல்லாம் வருதே?” என்றேன்.

“ஃபோன்ல வர்றது யாரு ஊடோ. தள்ளுனா போயிரும்.” கண்ணை மூடிக்கொண்டாள். “உன்னுதுல பேரு போடலைன்னாலும் எது நீ வெச்ச மூலைன்னு எனக்குத் தெரியும். நாற்காலிய எப்பவும் கொஞ்சம் வாசலப் பாத்தாப்ல திருப்பி வெச்சிருப்ப. யாரோ வரப்போறாங்கங்கற மாதிரி.”

இப்போது மது நன்றாக இருக்கிறாள். குன்னூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். நான்தான் சரியாகவில்லை. அவள் குளியலறையில் சற்று அதிகம் இருந்துவிட்டால் கதவைத் தட்டுகிறேன். பக்கத்து அறையில் தூங்கும்போது போய் மூச்சைப் பார்க்கிறேன். “இருக்கேன், இருக்கேன்” என்று கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள். அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கும்போது கையெழுத்துப் போட விரல் வராமல், கடைசியில் ஓய்வுக்கு எழுதிக்கொடுத்தேன். மேடம் தடுக்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு நூலளவு வெட்டினாலும் மறுபடி குடியிருந்து பார்க்க வேண்டும் என்று அவர் அன்று போட்ட விதி இன்றும் நடக்கிறது. வந்திருந்த பிள்ளைகளே, அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில், மதுவின் துணிமணிகளை எடுக்க நான் மஞ்சூருக்குப் போன அன்று நடந்தது. அறையில் கரிச்சட்டி இல்லை. இதழ் மட்டும் அந்தப் பக்கத்தில் விரித்தபடியே மேஜைமேல் இருந்தது. பக்கத்தைக் கிழித்தெடுத்தேன். கசக்கப் போகும்போது பூங்கொடி அக்கா கட்டுப் போட்ட கையோடு ஓடி வந்தார்.

“ஐயோ, பொறத்தாண்ட பாக்காமக் கிழிச்சுப்போட்டீங்களே!”

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டின் உள்படிக்கட்டு. படிக்கு அடியில் அரிசி மூட்டை வைக்கிற மாதிரி அடுக்கு அலமாரி. “நேத்துச் சட்டிய எடுக்க வந்தப்பவே பொரட்டிப் பாத்தேனுங்க. எங்க ஊட்டுப் படிக்குக் கீழ எடம் சும்மா கெடக்குது. ஆசாரி வந்தா காட்டலாம்னு இருந்தேன்.”

“அக்கா, உங்க கை இப்படிக் கெடக்கு. என் பொண்ணு பொழைச்சதே... இந்தப் பக்கமா உங்களுக்கு வேணும்?”

“இந்தப் பக்கம் இல்லீங்க. அந்தப் பக்கம்.” கொஞ்சம் யோசித்தார். “நெருப்பு இருக்கறதச் சுவருப் பக்கமா வெச்சு ஒட்டிப்போட்டா யாருக்குத் தெரியப் போகுது?”

நான் சரி என்று சொல்லும் முன்னாலேயே அடுப்பில் மைதாப் பசை கொதித்தது. ஒரு கையால் அவரால் ஒட்ட முடியவில்லை. என்னிடம் கொடுத்தார். கரி, சால்வை, என் நாற்காலி எல்லாவற்றின் மேலும் பசையைத் தடவினேன். எங்கும் ஒரு புள்ளி விடாமல் தடவினேன். சுவரில் வைத்து, காய்ந்து பிடிக்கிறவரை நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.